வாங்கியது யாரிடம், கொடுப்பது யாரிடம்?

“சாமி பயம் இருக்கிற மனுஷன். நம்பிக் கொடுக்கலாம்.”

சிக்பேட்டை ஜவுளிக் கடைகளில் முப்பது வருடம் கணக்கு எழுதியிருக்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் கிடையாது. கைமாற்றுக் கொடுக்கும்போது சொல்வார்கள், கூட்டுச் சேரும்போது சொல்வார்கள், பெண் கொடுக்கும்போதும் சொல்வார்கள். அதன் மறுபாதியும் கூடவே வரும்: சாமி இல்லை என்கிறவனிடம் ஜாக்கிரதை, மேலே ஒருத்தன் பார்க்கிறான் என்ற நினைப்பு இல்லாதவன் எதற்கும் துணிவான். இன்று அதே பேச்சு வேறு உடுப்பில் வருகிறது. எங்காவது ஒரு நிறுவனத்தில் மோசடி வெடித்தால், பிள்ளைகளுக்கு ஆன்மிகம் சொல்லித் தராததால் வந்த வினை என்கிறார்கள். படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். நேர்மைக்கு வேர் பக்தி என்பது இந்த ஊரில் விவாதமே தேவைப்படாத உண்மையாகிவிட்டது. அது உண்மையில்லை. பலருடைய வாழ்நாள் சேமிப்பு கரைந்துபோக அது துணை நின்றிருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாத்திகன் அல்ல. அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். சோமேஸ்வரரைப் பார்க்காமல் எனக்குப் பிரதோஷம் கழியாது. கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பக்தி ஒருவனுக்கு ஆறுதல் தரும், வீட்டில் சாவு விழுந்த நாளில் எழுந்து நிற்கத் தெம்பு தரும். எனக்கே தந்திருக்கிறது. ஆனால் அவனுடைய எடைக்கல் சரியாக இருக்கும் என்பதற்கு அது ஜாமீன் ஆகாது.

விதான சௌதாவின் முகப்பில் ‘சர்க்காரத கெலச தேவர கெலச’ என்று பொறித்திருப்பதைப் பார்க்காத பெங்களூர்க்காரர் இருக்க மாட்டார். அரசு வேலை ஆண்டவன் வேலை. கெங்கல் ஹனுமந்தய்யா கட்டுவித்து 1956ல் முடிந்த கட்டடம். நல்ல எண்ணத்தில் எழுதிய வாசகம். பக்கத்திலேயே எம்.எஸ். பில்டிங்கில் லோகாயுக்தா அலுவலகம். 2011 ஜூலையில் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே அங்கிருந்து கொடுத்த அறிக்கை, சட்டவிரோத இரும்புத் தாதுத் தொழிலால் கர்நாடக அரசுக்கு 16,085 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்கிட்டது. ஆண்டவன் வேலை என்று எழுதிய சுவருக்குக் கீழே நடந்து போனவர்களின் கையெழுத்துகள் இல்லாமல் அத்தனை லாரிகள் துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்காது.

அந்தச் சுரங்கக் காலத்தில் அதிகம் அடிபட்ட பெயர் பல்லாரி ஜனார்த்தன ரெட்டி. 2009ல், மாநில அமைச்சராக இருந்தபோது, திருமலையில் ஏழுமலையானுக்கு வைரம் பதித்த கிரீடம் ஒன்றைக் காணிக்கையாகச் செலுத்தினார். மதிப்பு 40 கோடிக்கு மேல் என்று செய்தி வந்தது. 2011 செப்டம்பரில் சிபிஐ அவரைக் கைது செய்தது. 2025 மே மாதம் ஹைதராபாத் சிபிஐ நீதிமன்றம் ஓபுளாபுரம் சுரங்க வழக்கில் ஏழாண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் தெலங்கானா உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்தது. நீதிமன்றங்களின் வேலையை அவை பார்க்கட்டும். எனக்கு அந்தக் கிரீடத்தைப் பற்றித்தான் பேச்சு.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். “அதெல்லாம் பகட்டு சார். உண்மையான பக்தன் தப்பு செய்ய மாட்டான்.” ரெட்டியின் பக்தி பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, மெய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பதில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். ஒருவன் தப்பு செய்தால் அவன் உண்மையான பக்தன் இல்லை, செய்யாவிட்டால் உண்மையான பக்தன். அப்படியானால் நேர்மையைப் பார்த்த பிறகுதான் பக்தியையே நிச்சயம் செய்ய முடியும். பிறகு பக்தியைப் பார்த்து நேர்மையை நிச்சயம் செய்வது எப்படி? நெற்றியைப் பார்த்துப் பணம் கொடுக்கலாம் என்று சொன்ன அதே ஆள், பணம் போன பிறகு நெற்றியை நம்பாதே என்கிறார். முதலில் சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டார் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

விஜய் மல்லையாவின் கதை இன்னும் அருகில் நடந்தது. அவர் தந்தை பெயரில் சாலையே இருக்கிறது. யூபி சிட்டி அங்கேதான் எழும்பி நிற்கிறது. 1998ல் சபரிமலை சந்நிதானத்துக்குத் தங்கம் போர்த்தியது அவருடைய காணிக்கை; 30 கிலோவுக்கு மேல் தங்கம். 2012ல் அவருடைய கிங்ஃபிஷர் விமான நிறுவனம் ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் போடவில்லை. அக்டோபரில் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. டிசம்பரில் தன் பிறந்தநாளுக்கு அவர் திருமலைக்குப் போய் 3 கிலோ தங்கம் செலுத்தினார். அந்த மாதமும் அந்த ஊழியர்களில் எத்தனையோ பேர் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் யாரிடம் கடன் கேட்பது என்று அலைந்துகொண்டிருந்தார்கள். வங்கிக் கடன் வழக்கு, 2016 மார்ச்சில் அவர் லண்டன் போனது எல்லாம் தனிக் கதை. நான் அந்த டிசம்பர் மாதத்தை மட்டும்தான் பார்க்கிறேன்.

கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு இது முதலில் ஒரு பேரேட்டுத் தவறாகத்தான் தெரியும். ராமசாமியிடம் வாங்கிய கடனைக் கிருஷ்ணசாமியிடம் கொடுத்து அடைக்க முடியாது. எந்தக் கடையிலாவது குமாஸ்தா அப்படி எழுதினால் அன்றைக்கே சீட்டைக் கிழித்து வெளியே அனுப்புவார்கள். சம்பளம் கொடுக்க வேண்டியது ஊழியருக்கு. தங்கம் போனது திருமலைக்கு. பங்கு கொடுக்க வேண்டியது பல்லாரி மண்ணுக்கும் இந்த மாநில மக்களுக்கும். கிரீடம் போனது ஏழுமலையானுக்கு. கொடுத்தவர் மனதில் கணக்கு நேராகிவிடுகிறது. வாங்க வேண்டியவருக்கு ஒரு காசும் வரவில்லை. ஏமாந்தவனைத் தவிர்த்துவிட்டு மன்னிப்பு வாங்கிக்கொள்ள ஒரு மூன்றாம் இடம் திறந்திருக்கிறது என்பதுதான், கடவுள் பயத்தை வியாபார நேர்மைக்கு அஸ்திவாரமாக்குவதில் உள்ள அடிப்படைக் கோளாறு. மேலே பார்த்துக்கொண்டிருப்பவனைப் பற்றி நாம் நிறையச் சொல்லித் தருகிறோம். கூடவே, பரிகாரம் செய்தால் அவன் சமாதானமாகிவிடுவான் என்பதையும் சொல்லித் தருகிறோம்.

இதனால் கெடுவது தப்பு செய்கிறவன் மட்டும் இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டியவர்களின் கையையும் இந்த நம்பிக்கை கட்டிவிடுகிறது.

சிவாஜிநகர்ப் பக்கம் 2006ல் தொடங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம் தன்னிடம் போடும் பணத்துக்கு வருவது வட்டியல்ல, இஸ்லாமிய மார்க்கம் அனுமதிக்கும் லாபப் பங்கு என்று சொல்லித்தான் முதலீடு வாங்கியது. வட்டி வாங்குவது பாவம் என்று வங்கி வட்டியைக்கூடத் தொடாத குடும்பங்கள், மனசாட்சிக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு வழி கிடைத்தது என்று நகையை விற்றுப் போட்டார்கள். 2019 ஜூனில் நிறுவனர் மன்சூர் கான் ஒரு ஆடியோவை அனுப்பிவிட்டு துபாய் போனார். ஜூலையில் டெல்லியில் கைதானார். புகார் கொடுத்தவர்கள் 40,000 பேருக்கு மேல். திரட்டிய தொகை 4,000 கோடி அளவில் என்றது விசாரணை. அடுத்த ஆறே மாதத்தில், 2020 ஜனவரியில், பசவனகுடியில் மந்த்ராலய மகானின் பெயரைத் தாங்கிய ஸ்ரீ குரு ராகவேந்திரா சஹகார வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. கணக்குக்கு 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். ஓய்வூதியப் பணத்தை எல்லாம் அங்கே போட்டிருந்த வயதானவர்கள் பாஸ்புக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு மதம், இரண்டு பேட்டை. ஆனால் ஆட்கள் ஒரே மாதிரியானவர்கள்: மாதக் கடைசியில் பால் கணக்கைக்கூட இரண்டு தரம் கூட்டிப் பார்ப்பவர்கள். அவர்களை ஏமாளிகள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் நம்பியதை நம்பும்படி நாம்தான் பழக்கியிருக்கிறோம். ஒரு பக்திமானிடம் போய் ‘தணிக்கை அறிக்கையைக் காட்டுங்கள், கடன் யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்’ என்று கேட்பது அவரையே அவமதிப்பது என்று நினைக்கிறோம். அவர் நம்புகிற சாமியை அவமதிப்பதாகவும் ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் முதலீட்டு மோசடி செய்த மேடாஃப் தன் சொந்த யூத சமூகத்தின் அறக்கட்டளைகளையே மொட்டையடித்தபோதும் நடந்தது இதுதான். நம்ம ஆள் என்ற ஒரு சொல் நூறு கேள்விகளை விழுங்கிவிடும்.

“சரி, பெரிய மனிதர்களை விடுங்கள். சாதாரண ஆள் நாலு பேராவது சாமிக்குப் பயந்து ஒழுங்காக இருக்கிறான் இல்லையா?” இது நல்ல மனதோடு கேட்கிற கேள்வி. வால்டேரும் இதைத்தான் சொன்னார்: என் வக்கீலும் தையல்காரரும் வேலையாட்களும் கடவுளை நம்பட்டும், என் வீட்டில் திருட்டு குறையும் என்ற பொருளில். அதில் யார் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்கிறார் என்று கவனியுங்கள். நான் வேலை பார்த்த ஒரு கடையில் ஒரு நாள் கல்லாவில் 4,000 ரூபாய் குறைந்தது. கட்பீஸ் அடுக்கும் பையன் மேல் சந்தேகம். தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளை, பதினேழு வயதிருக்கும். முதலாளி பூஜை மாடத்துக்கு முன்னால் அவனை நிறுத்தி, தட்டில் சூடம் ஏற்றி, “அணைச்சு சத்தியம் பண்ணு” என்றார். பையன் கையை நீட்டிச் சூடத்தின் மேல் அமுக்கினான். கை நடுங்கியது, ஆனால் எடுக்கவில்லை. உள்ளங்கையில் கருப்பாக ஒரு வட்டம். “எடுக்கல முதலாளி” என்று மட்டும் சொன்னான். முதலாளி நம்பவில்லை.

அதே கடையில், அதே மாடத்துக்கு எதிரில், செம்புக் கம்பியில் முலாம் பூசிய டெஸ்டட் ஜரிப் புடவை அசல் வெள்ளி ஜரி என்று விலை போகும். கல்யாணத்துக்கு எடுக்க வந்த அம்மா “அசல்தானே?” என்று கேட்பாள். அப்போது யாரும் சூடம் ஏற்றியதில்லை. சாமி பயம் கீழ்நோக்கித்தான் பாய்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதலாளி தொழிலாளியிடம் சத்தியம் கேட்கலாம். தொழிலாளியோ வாடிக்கையாளரோ முதலாளியிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் கடையில் வயதான சேல்ஸ்மேன் ஒருவர் இருந்தார். சேலத்துக்காரர், கோயில் குளம் போகாதவர், பூஜை நேரத்தில் வாசலில் நின்று பீடி பிடிப்பவர். ஹோசூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் அவர் பார்டரை விரலில் நீவிக் காட்டி, “இது டெஸ்டட் ஜரிம்மா. நாலஞ்சு வருஷத்துல கறுத்துடும். அசல் வேணும்னா அந்த அலமாரி, விலை மூணு மடங்கு” என்றார். அவர்கள் டெஸ்டட் ஜரியையே அதற்கான விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். முதலாளி அவரைத் தனியே கூப்பிட்டுக் கத்தினார். “உனக்குத்தான் சாமியும் இல்லை பூதமும் இல்லையே, ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன?” அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “அந்தம்மா என் மூஞ்சியப் பாத்துக் கேட்டுது முதலாளி.”

ஒழுக்கத்தின் அடிப்படை எது என்று பெரிய பெரிய நூல்கள் இருக்கின்றன. எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். கேட்பவளுக்குத் தெரியாதது இவருக்குத் தெரியும். அவள் இவரை நம்பித்தான் கேட்கிறாள். பொய் சொன்னால் நஷ்டம் அவளுக்கு. இதில் மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை.

இதை நாத்திகர்கள் மட்டும்தான் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்யாண நகரத்து சரணர்கள் என்ற சிவபக்தர்களில் ஆய்தக்கி மாரய்யா, லக்கம்மா என்று ஒரு தம்பதி. சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி வந்து அன்னமிடுவது அவர்கள் காயகம், அதாவது வழிபாடாகச் செய்யும் உழைப்பு. ஒரு நாள் மாரய்யா வழக்கத்தைவிட அதிகமாக அரிசி கொண்டுவந்தார். லக்கம்மா உலை வைக்க மறுத்துவிட்டாள். இது நமக்கு மிஞ்சியது, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வா என்றாள். ஈசன் இதை ஒப்பமாட்டான் என்றும் அவள் சொன்னதாக வசனம் இருக்கிறது. ஆம், அவள் பழுத்த பக்தை. ஆனால் அந்த அரிசி தப்பு என்பதை அவள் எப்படித் தெரிந்துகொண்டாள்? கையில் பிடித்துப் பார்த்த அளவில் தெரிந்துகொண்டாள். தனக்குத் தேவையான படி அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் இருப்பது இன்னொருவர் வயிற்றுக்கானது. அது தப்பாக இருந்ததால்தான் ஈசன் ஒப்பமாட்டான் என்று அவளால் சொல்ல முடிந்தது. ஏதென்ஸில் சாக்ரடீஸ் கேட்டதாக பிளேட்டோ எழுதியதும் இந்தக் கேள்விதான்: நல்லது என்பதால் தெய்வம் அதை விரும்புகிறதா, தெய்வம் விரும்புவதால் அது நல்லதாகிறதா? லக்கம்மா அதற்கு அரிசியைத் திருப்பி அனுப்பிப் பதில் சொல்லிவிட்டாள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மிச்ச அரிசியை அவள் கோயிலுக்கு அனுப்பவில்லை. எடுத்த இடத்துக்கே அனுப்பினாள்.

நம் பக்கத்து வழக்கும் அதுவே. கடவுள் வாழ்த்தோடு தொடங்கும் வள்ளுவர், வணிகனுக்கான விதியைச் சொல்ல வந்தபோது நடுவு நிலைமையில் வைத்துச் சொல்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணு என்கிறார். அந்த அதிகாரத்தின் பத்துக் குறளிலும் தெய்வம் தண்டிக்கும் என்ற மிரட்டல் கிடையாது. பட்டினப்பாலையில் வரும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள், வாங்கும்போது கூடுதலாக வாங்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் நுகத்தடியின் நடு ஆணிபோல நிற்கிறார்கள். அந்த ஊர் முழுக்கக் கோயிலும் வழிபாடும் இருந்தது. இருந்தும் புலவர் அவர்களைப் புகழ்ந்தது தராசுக்காகத்தான்.

கடவுளை விட்டவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. நாத்திகத்தை அரசுக் கொள்கையாக்கிய சோவியத் நாட்டில் கள்ளச் சந்தை செழித்தது. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 2024க்கு வெளியிட்ட ஊழல் குறியீட்டில், தேவாலயங்கள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் டென்மார்க் 90 மதிப்பெண்ணோடு முதலிடம். தெருவுக்கு ஒரு கோயில் உள்ள நம் நாடு 38 மதிப்பெண்ணோடு 180 நாடுகளில் 96ஆவது. டென்மார்க்கின் நேர்மை நாத்திகத்தால் வந்தது என்று இதை வைத்து நான் வாதிட்டால் நானும் அதே தவற்றைத் திருப்பிச் செய்கிறவன் ஆவேன். நம்பிக்கை ஒரு கேள்வி, நேர்மை வேறு கேள்வி. இவ்வளவுதான் நான் சொல்வது.

ஆனால் நாத்திகன் எதற்கும் துணிவான் என்கிறவர்கள் பசவனகுடி நேஷனல் காலேஜ் வரை ஒரு நடை போய்வர வேண்டும். எச். நரசிம்மய்யா அந்தக் கல்லூரி விடுதியில் ஒரு அறையில்தான் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை போனவர், அமெரிக்காவில் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1976ல் அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராயக் குழு அமைத்து, சத்ய சாய் பாபாவைச் சோதனைக்கு அழைத்து, ஊரெல்லாம் ஏச்சு வாங்கினார். சாமியைக் கேள்வி கேட்கிற ஆள் என்று தூற்றினார்கள். கல்லூரிகள் நடத்தும் ஒரு சங்கத்தின் பணம் பல்லாண்டு அவர் பொறுப்பில் இருந்தது. கதர் வேட்டி, குல்லாய், அந்த ஒற்றை அறை. 2005ல் இறக்கும்வரை அவருடைய சொத்து அவ்வளவுதான் என்பது பசவனகுடியில் எல்லோருக்கும் தெரியும். ஈரோட்டு மண்டியில் வியாபாரம் கற்ற பெரியார் பொதுப்பணத்தில் காட்டிய கஞ்சத்தனத்தையும் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேர்மை எங்கிருந்து வருகிறது என்பதற்கு என்னிடம் ஒற்றைப் பதில் இல்லை. தாய் வளர்த்த விதத்திலிருந்து வருகிறது, தொழிலில் உள்ள ரோஷத்திலிருந்து வருகிறது, நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்ற வெட்கத்திலிருந்து வருகிறது. இவை எல்லோரிடமும் எப்போதும் இருக்காது என்பதால்தான் எடைக்கல்லில் முத்திரை போடுகிறோம், வங்கிக்குத் தணிக்கை வைக்கிறோம். தரகுபேட்டையில் தராசை இன்ஸ்பெக்டர் சோதிப்பது வியாபாரியின் பக்தியைச் சந்தேகிப்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஐ.எம்.ஏ. வாசலிலும் அந்த சஹகார வங்கியின் வாசலிலும் அதே உரிமையோடு கணக்கைக் கேட்டிருக்க வேண்டும்.

பக்தி சார்ந்த பழக்கங்களில் நான் மதிக்கிற ஒன்று உண்டு. சிக்பேட்டை மார்வாடிக் கடைகளில் பில்லில் ‘தர்மாதா’ என்று ஒரு சிறு தொகை சேர்ப்பார்கள், தர்ம காரியத்துக்கு. நல்ல கடைகளில் அதைத் தனிக் கணக்கில் வைப்பார்கள். கையில் எவ்வளவு முடை வந்தாலும் தொடமாட்டார்கள். அது நம் பணமில்லை என்பார்கள். வாடிக்கையாளர் கொடுத்த ஒவ்வொரு ரூபாயிலும், ஊழியருக்குச் சேர வேண்டிய ஒவ்வொரு ரூபாயிலும் அந்தப் பயத்தை வைத்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

அந்த 4,000 ரூபாய் பத்து நாள் கழித்துத் தெரியவந்தது. முதலாளியின் மைத்துனர் அவசரத்துக்கு எடுத்துவிட்டுச் சொல்ல மறந்திருந்தார். முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. அது நடிப்பில்லை, அன்று அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மறுநாள் காலையில் பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்துவிட்டு விபூதியோடு கடைக்கு வந்தார். அந்தச் செலவைக் ‘கோயில் செலவு’ என்று பேரேட்டில் எழுதியது நான்தான். எல்லோருக்கும் தேங்காய் மூடி கொடுத்தார்கள். பையனும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். வலது உள்ளங்கையில் அந்த வட்டம் அப்போதும் ஆறவில்லை. அவரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.